பொன்முதுகைப் பார்த்தால் போதாது

பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன டிசம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். சில்வர் ஓக் மரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மரங்கொத்தி. முதுகு முழுக்க உருக்கி ஊற்றிய பொன் மாதிரி. தலை மட்டும் மரத்துக்கு அந்தப் பக்கம் மறைந்திருந்தது. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்: "அண்ணா, நம்ம தோப்புல வர்றதுதானே இது? மலையிலயும் நல்லா இருக்குது போல."

அவருக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வெளிச்சம் நன்றாக இருந்தது, படம் தெளிவாக இருந்தது. ஆனால் அதில் இருந்ததெல்லாம் முதுகுதான். தமிழ்நாட்டில் பொன்முதுகுள்ள மரங்கொத்திகள் நான்கு வகை உண்டு. தோப்பில் வருவது அதில் ஒன்று. மலைக்காட்டில் பெரிய மரங்களை நம்பி வாழ்வது வேறொன்று. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் "மலையிலயும் நல்லா இருக்குது" என்கிற முடிவுக்குத்தான் வருவோம். அந்த முடிவு தவறாக இருந்தால் காட்டைப் பற்றி நாம் நினைப்பதும் தவறாகிவிடும். அதனால்தான் இந்த அடையாளச் சிக்கலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

காட்டில் வாழும் அந்தப் பறவைதான் இந்தக் கட்டுரையின் நாயகன்: பெரிய பொன்முதுகு மரங்கொத்தி. சலீம் அலி காலத்துப் பறவை நூல்களிலும் ஆங்கிலத்தில் இதே பொருளில்தான் பெயர் இருந்தது. தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல் மாறுகின்றன. குழப்பம் வேண்டாம் என்று மற்ற மூன்றையும் இங்கே அவற்றின் முக்கிய அடையாளத்தை வைத்தே அழைக்கிறேன்: கரும்பிட்டப் பொன்முதுகு, மூவிரல் பொன்முதுகு, வெண்பிடரிப் பொன்முதுகு. பிட்டம் என்பது வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, பறவை உட்கார்ந்திருக்கும்போது மடித்த இறக்கை மூடிக்கொள்ளும் பகுதி. பிடரி, நமக்குப் போலவே, பின்கழுத்து.

தோப்பிலிருந்து மலைக்கு

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். பொன்முதுகுகளைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியாது. சமவெளித் தோப்பு, அடிவாரத்து வறண்ட காடு, மேலே மழைக்காடு என்று மூன்று உலகங்கள் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் வந்துவிடுகின்றன.

பொள்ளாச்சித் தோப்புகளில் இருப்பது கரும்பிட்டப் பொன்முதுகு. நம்மில் பெரும்பாலானோர் வாழ்க்கையில் பார்த்திருக்கும் ஒரே மரங்கொத்தி இதுவாகத்தான் இருக்கும். தென்னை, மா, புளிய மரம், ஊர்ப் பூங்கா, பள்ளிக்கூடத்து வேப்பமரம் என்று எங்கும் வரும். சென்னைக்குள் கிண்டிக் காட்டிலும் இருக்கிறது. குதிரை கனைப்பது போல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு, அலை அலையாக ஏறி இறங்கிப் பறந்துபோகும். எறும்புகளும் அவற்றின் முட்டை, கூட்டுப்புழுக்களும் இதற்கு முக்கிய உணவு. 1758ஆம் ஆண்டே லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். மனிதர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கும் பறவை முதலில் பதிவானதில் வியப்பில்லை.

இதை அடையாளம் காண்பது எளிது. தொண்டை கருப்பு, அதில் பொடிப்பொடியாக வெள்ளை. பிட்டமும் கருப்பு. இந்தியாவில் உள்ள பொன்முதுகுகளில் தொண்டையும் பிட்டமும் சேர்ந்து கருப்பாக இருப்பது இது ஒன்றுதான். தோள்பட்டைப் பக்கம் கருப்பு இறகுகளில் வெள்ளைப் புள்ளிகள் தெளித்திருக்கும். ஆணுக்கு உச்சி முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு முன்னுச்சி கருப்பில் வெள்ளைப் புள்ளிகள், பின்னால் கொண்டை மட்டும் சிவப்பு. கருந்தொண்டை தெரிந்துவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம் அடிவாரம். இலையுதிர்க் காடும் முட்காடும் கலந்த இந்த மாதிரி வறண்ட இடங்கள் வெண்பிடரிப் பொன்முதுகுக்குப் பிடித்தவை. கண்ணில் படுவது அரிது. பட்டுவிட்டால் மறக்க முடியாது. பிடரியும் மேல்முதுகும் பளிச்சென்று வெள்ளை. அதன் இரு பக்கமும் தோள்களில் கருப்பு இறங்கி, முதுகில் 'வி' எழுத்து மாதிரி ஒரு வடிவம் போடும். பொன்னிறம் இறக்கையில்தான் இருக்கும். பெண்ணின் உச்சி மஞ்சள். சிவப்பும் இல்லை, கருப்பும் இல்லை, மஞ்சள். மற்ற மூன்றிலும் இப்படி ஒரு பெண் பறவை கிடையாது. இதைப் பற்றி இங்கே இதற்கு மேல் சொல்ல அவசியமில்லை, ஏனென்றால் இதை யாரும் அதிகம் மாற்றிச் சொல்வதில்லை.

சிக்கல் மேலே போனபிறகுதான். ஈரமான காட்டுக்குள் இரண்டு பறவைகள் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக நிற்கின்றன: பெரிய பொன்முதுகும் மூவிரல் பொன்முதுகும். இரண்டுக்கும் முதுகு பொன். இரண்டுக்கும் பிட்டம் சிவப்பு. இரண்டிலும் ஆணுக்குச் சிவப்புக் கொண்டை, பெண்ணுக்குக் கருங்கொண்டை. வெள்ளை முகத்தில் கருப்புக் கோடுகள், வெள்ளை வயிற்றில் கருப்புச் செதில்கள். ஆனைமலை, பரம்பிக்குளம், வயநாடு, தட்டேக்காடு என்று இரண்டும் வாழும் காடுகள் பல. நீண்ட நாள் பறவை பார்ப்பவர்களும் பேசாமல் ஒரு நிமிடம் நின்று யோசிக்கும் ஜோடி இது.

கன்னத்தில் ஒரு வெள்ளைத் தீவு

முதலில் கன்னத்தைப் பார்க்க வேண்டும். அலகின் அடியிலிருந்து பின்னோக்கி, கன்னத்துக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு கருப்புக் கோடு ஓடும். மீசை மாதிரி இருப்பதால் மீசைக்கோடு என்று சொல்லலாம். மூவிரல் பொன்முதுகுக்கு இது ஒரே கோடு, மையால் இழுத்தது போலக் கட்டியான கருப்பு. பெரிய பொன்முதுகுக்கு இது இரண்டு மெல்லிய கோடுகளாகப் பிரிந்து, நடுவில் நீளவாக்கில் ஒரு வெள்ளைத் திட்டை விட்டுவிட்டுக் கழுத்துப் பக்கம் மறுபடியும் கூடிவிடும். ஆறு பிரிந்து சேர்கிற இடத்தில் நடுவே தீவு நிற்குமே, அப்படி. ஒருமுறை அந்தத் தீவைப் பார்த்துவிட்டால் பிறகு கண் தானாகவே அங்கே போகும்.

இரண்டாவது பிடரி. மரங்கொத்தி பெரும்பாலும் நமக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கும் என்பதால் நடைமுறையில் இது மிகவும் உதவும். மூவிரலுக்குப் பின்கழுத்து முழுக்கக் கருப்பு. கொண்டைக்குக் கீழே தொடங்கி மேல்முதுகு வரை கரி பூசியது போல இறங்கும். பெரிய பொன்முதுகுக்குப் பின்கழுத்தில் வெள்ளை தெரியும். சில பறவைகளில் அது கருப்பு வெள்ளைப் புள்ளிகளாகக் கலந்திருக்கும். ஆனாலும் முழுக் கருப்பாக இருக்காது.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, பெண்ணின் கொண்டை. இரண்டுக்கும் கருங்கொண்டைதான். மூவிரல் பெண்ணுக்கு அதில் வெள்ளைக் கீற்றுகள், சீப்பால் வாரியது போல. பெரிய பொன்முதுகுப் பெண்ணுக்கு அதில் உருண்டை உருண்டையான வெள்ளைப் புள்ளிகள், மழைத்துளி விழுந்து நின்றது போல. இந்தப் பறவையின் அறிவியல் பெயரிலேயே இது இருக்கிறது. 1833இல் டிக்கெல் என்பவர் இட்ட பெயர் குட்டாகிரிஸ்டாட்டஸ். லத்தீனில் குட்டா என்றால் துளி, கிரிஸ்டா என்றால் கொண்டை. துளிக்கொண்டை! பேரினப் பெயரான கிரைசோகோலாப்டஸ் கிரேக்கச் சொல். பொன், உளி என்ற இரண்டும் சேர்ந்தது. பொன்னுளித் துளிக்கொண்டை என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் ஒரு சங்கப் புலவர் வைத்த பெயர் மாதிரி இருக்கிறது. பெயர் வைத்தவர் பொதுவாக ஆண் பறவையின் பகட்டைப் பார்த்து வைப்பதுதான் வழக்கம். இங்கே பெண்ணின் கொண்டையில் உள்ள புள்ளி பெயராகியிருப்பதும், அதுவே களத்தில் நல்ல அடையாளமாக இருப்பதும் மகிழ்ச்சியான விஷயம்.

அலகு, கண் இரண்டையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய பொன்முதுகின் அலகு தலையின் நீளத்துக்கு ஈடாக அல்லது அதையும் மிஞ்சி, நேராக உளி மாதிரி இருக்கும். மூவிரலுக்கு அது குட்டை, லேசாக வளைந்தது. பெரிய பொன்முதுகின் கண் வெளிறியது. தூரத்திலிருந்தே முறைத்துப் பார்ப்பது போலத் தெரியும். மூவிரலின் கண் கருமையானது. ஆனால் கூட்டைவிட்டு வந்து அதிக நாளாகாத இளம் பறவைக்குக் கண் இன்னும் வெளிறியிருக்காது. ஆகவே கண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

உருவத்தை நம்பியும் முடிவு செய்ய முடியாது. பெரியது 30 சென்டிமீட்டரைத் தாண்டும், மூவிரல் அதைவிடச் சற்றுச் சிறியது. நூலில் இது நல்ல வேறுபாடு. நாற்பதடி உயரத்தில், எதிர்வெயிலில், ஒற்றைப் பறவையைப் பார்க்கும்போது இரண்டு மூன்று சென்டிமீட்டரை யாராலும் அளக்க முடியாது.

குரல் தெரிந்தவர்களுக்கு அது பெரிய உதவி. பெரிய பொன்முதுகின் குரல் கூர்மையாக, உலோகத்தைத் தட்டுவது போல ஒரே சுருதியில் வேகவேகமாக ஓடும். முதல்முறை கேட்கும்போது சில்வண்டு என்றே தோன்றும். மரத்தை வேகமாகத் தட்டி எழுப்பும் முழவு வேறு. அது இரை தேடுகிற சத்தம் இல்லை. இது என் இடம் என்று சொல்வதற்கும் துணையை அழைப்பதற்கும் எழுப்புவது. பட்டையை உரித்து இரை தேடும்போது கேட்பது சீரில்லாத டொக் டொக்.

விரல் கணக்கு

மூவிரல் என்று பெயர் வந்த காரணத்தைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. மரங்கொத்திகளின் காலில் பொதுவாக நான்கு விரல்கள்; இரண்டு முன்னே, இரண்டு பின்னே. செங்குத்தான மரத்தில் ஏறும்போது வெளிப்பக்கப் பின்விரலை அது பக்கவாட்டில் விரித்துப் பிடித்துக்கொள்ளும். வால் இறகுகளின் தண்டு விறைப்பானது, மூன்றாவது கால் போல மரத்தில் ஊன்றிக்கொள்ள உதவும். மூவிரல் பொன்முதுகில் உட்பக்கப் பின்விரல் அடியோடு இல்லை. முன்னே இரண்டு, பின்னே ஒன்று. கரும்பிட்டப் பொன்முதுகில் அதே விரல் சும்மா பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு எச்சமாகச் சுருங்கியிருக்கிறது. இரண்டும் டைனோபியம் என்ற ஒரே பேரினம். ஒன்றில் விரல் தேய்ந்திருக்கிறது, மற்றொன்றில் மறைந்தே போய்விட்டது. பெரிய பொன்முதுகில் நான்கும் முழுதாக, வலுவாக இருக்கின்றன.

ஒரு காலத்தில் விரலை எண்ணுவது அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பறவையை வைத்துக்கொண்டு செய்யும் வேலை. இன்று அப்படியில்லை. கைக்கடக்கமான கேமராவே அறுபது எழுபது மடங்கு நெருக்கிக் காட்டுகிறது. முகம் தெரியாத படத்தில் கால் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று நான் முதலில் தேடுவேன். நண்பரின் படத்தில் கால்களும் பட்டைக்குப் பின்னால் போயிருந்தன.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மீசைக்கோட்டு விதி நம் மலைகளில் நன்றாக வேலை செய்கிறது. இமயமலை அடிவாரத்துக்குப் போனால் அது மட்டும் போதாது. அங்கே இமயப் பொன்முதுகு என்று ஐந்தாவது ஒன்று இருக்கிறது. அதற்கும் மூன்று விரல்தான், பின்கழுத்தும் கருப்புதான். ஆனால் மீசைக்கோடு நடுவில் வெளிறிய பழுப்போடு பிரிந்திருக்கும். கார்பெட் காட்டில் கன்னத்தை மட்டும் பார்த்து "பெரிய பொன்முதுகு" என்று எழுதினால் தவறிவிடலாம். அங்கே பிடரிதான் முடிவு சொல்லும்.

உறவில்லாத இரட்டையர்

இவ்வளவு ஒத்துப்போகும் இரண்டு பறவைகள் நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. மரபணு ஆய்வுகளின்படி பெரிய பொன்முதுகின் பேரினத்துக்கு நெருங்கிய உறவு அமெரிக்கக் கண்டங்களில் இருக்கிறது: தந்த அலகு மரங்கொத்தியை உள்ளடக்கிய, பெருத்த உருவமுள்ள கேம்பெஃபிலஸ் பேரினம். மூவிரலும் கரும்பிட்டமும் சேர்ந்த டைனோபியம் பேரினமோ நம் காடுகளில் பார்க்கும் பச்சை மரங்கொத்திகளின் பக்கத்து உறவு. ஆக, ஒரே கிளையில் ஒரே உடையில் உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டும் மரங்கொத்திக் குடும்ப மரத்தின் தனித்தனிக் கிளைகளிலிருந்து வந்தவை.

இதைவிட ஆச்சரியமானது இலங்கையில் நடந்திருப்பது. அங்கே பெரிய பொன்முதுகின் உறவினம் ஒன்று இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத அந்தப் பறவைக்கு முதுகு பொன்னிறமல்ல, கருஞ்சிவப்பு. சரி, அது தீவில் தனியாக மாறிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் அதே தீவின் தெற்கில் வாழும் டைனோபியத்துக்கும் முதுகு சிவப்புதான்! இரண்டையும் பிரிப்பது அலகு: பெரியதற்கு வெளிறிய தந்த நிற அலகு, சிறியதற்குக் கருத்த அலகு. வடக்கே யாழ்ப்பாணம் போனால் அங்கே பனைமரத்தில் ஏறும் கரும்பிட்டத்துக்கு நம் ஊரில் போலவே பொன்முதுகு. அந்த வடபகுதிப் பறவைக்கு யாழ்ப்பாணத்தின் பெயரை வைத்தே ஜாஃப்னென்ஸ் என்று துணையினப் பெயர் இட்டிருக்கிறார்கள். வடக்கின் பொன்னும் தெற்கின் சிவப்பும் சந்திக்கும் இடைப்பட்ட பகுதியில் இரண்டும் கலந்து, ஆரஞ்சு முதல் சிவப்பு வரை பல சாயல்களில் பறவைகள் இருக்கின்றன. முதுகு நிறத்தை வைத்து இனம் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அந்தப் பறவைகளே சான்று.

பெரியது எந்த நிறமோ அந்த நிறத்துக்குச் சிறியதும் வந்துவிடுவது ஏன்? யேல் பல்கலைக்கழகப் பறவையியலாளர் ரிச்சர்ட் பிரம் 2014இல் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். ஒரே மரத்தில் இரை தேடும்போது பெரிய பறவை சிறிய பறவையை விரட்டும். ஆனால் தன்னைப் போலவே பெரிய ஒன்றோடு மோதுவதற்குத் தயங்கும். சிறியது பெரியதைப் போல உடை உடுத்திக்கொண்டால், தூரத்திலிருந்து பார்க்கும் பெரியது தன் இனம் என்று நினைத்து விட்டுவிடும். பாம்பு மாதிரி வேடம் போடும் புழு தன்னைத் தின்ன வருபவனை ஏமாற்றுகிறது. இங்கே ஏமாற வேண்டியது போட்டியாளன். 2019இல் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று உலகின் மரங்கொத்திகளை எல்லாம் எடுத்து ஒப்பிட்டது. சாதாரணப் பறவை ஆர்வலர்கள் ஈபேர்டு தளத்தில் ஏற்றிய பதிவுகளைக் கொண்டு எந்த இனம் எதனோடு சேர்ந்து வாழ்கிறது என்று கணக்கிட்டார்கள். ஒரே இடத்தில் சேர்ந்து வாழும் இனங்கள், உறவாலும் வாழிடத்தாலும் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக ஒன்றையொன்று ஒத்திருப்பது தெரியவந்தது.

தென்னமெரிக்காவின் அட்லாண்டிக் காட்டில் இதற்கு இன்னும் துலக்கமான உதாரணம் உண்டு. பிரேசில், பராகுவே, அர்ஜென்டினா எல்லைகள் கூடும் அந்த மழைக்காட்டில் தலைக்கவச மரங்கொத்தி என்று ஓர் அரிய பறவை. சிவப்புக் கொண்டை, கருப்பு உடல் என்று அங்குள்ள இரண்டு பெரிய மரங்கொத்திகளை அப்படியே ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையைப் பார்த்து அறிவியலாளர்களே அதைப் பெரிய கரும் மரங்கொத்திகளின் பேரினத்தில்தான் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்த பிறகுதான் அது வேறு பேரினம் என்று தெரிந்தது. அருங்காட்சியகத்தில் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கே இந்த நிலை என்றால், சில்வர் ஓக் மரத்தை அண்ணாந்து பார்ப்பவர் குழம்புவது அவருடைய குறை இல்லை.

ஒரே பெயருக்குள் மறைந்துபோகும் காடு

இதெல்லாம் எதற்கு, எல்லாமே மரங்கொத்திதானே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. என் பதில் மரத்தில் இருக்கிறது.

கரும்பிட்டத்துக்குத் தென்னை போதும். பெரிய பொன்முதுகுக்குப் போதாது. அது பருத்த அடிமரங்களில் பட்டையைப் பெயர்த்து, உள்ளே இருக்கும் வண்டுப் புழுக்களைத் தேடி எடுக்கும் பறவை. இணையாக ஏறும், சில சமயம் துடுப்புவால் கரிச்சான் முன்னே போகும் கலப்புக் கூட்டத்தோடும் சேர்ந்து வரும். இரைக்கு முதிர்ந்த மரம் வேண்டும், பொந்துக்கும் முதிர்ந்த மரம் வேண்டும். ஒரே காட்டில் பல மரங்கொத்திகள் எப்படிப் பங்கு போட்டு வாழ்கின்றன என்பதை மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் வி. சாந்தாராம். அவர் போன்றவர்கள் பொறுமையாகச் சேர்த்த குறிப்புகளைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது: எந்த மரம், எவ்வளவு பருமன், எந்த உயரம், உயிருள்ளதா பட்டதா என்பதெல்லாம் மரங்கொத்திக்கு மரங்கொத்தி மாறுகிறது. ஒன்றுக்குக் கிடைப்பது இன்னொன்றுக்கு ஆகாது.

பெரிய பொன்முதுகு குடைந்து, குஞ்சு பொரித்து, விட்டுவிட்டுப் போகும் பொந்து சும்மா கிடப்பதில்லை. கிளி, மலைமைனா, சிறு ஆந்தை என்று தாமாகக் குடையத் தெரியாத பறவைகள் மரங்கொத்திகளின் பழைய பொந்துகளில்தான் குடியேறுகின்றன. பட்ட மரம் காய்ந்த விறகு என்று வெட்டப்படும்போது அத்தனைக்கும் வீடு போகிறது.

வால்பாறைப் பீடபூமி ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி அங்கிருந்த மழைக்காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். மிச்சம் இருப்பவை தோட்டங்களுக்கு நடுவே துண்டுத் துண்டான சோலைகள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் துண்டுகளில் காட்டு மரக்கன்றுகளை நட்டு மீட்டு வருகிறது. நிழலுக்காகத் தோட்டங்களில் நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஒரு பெரிய பொன்முதுகு அந்த மரத்தில் ஏறுகிறது என்றால் பக்கத்துச் சோலையிலிருந்து அது எவ்வளவு தூரம் வெளியே வரத் துணிகிறது, திரும்பிப் போக என்ன மரம் வழியில் இருக்கிறது என்பதை நாம் தெரிந்துகொள்ளலாம். அதே மரத்தில் கரும்பிட்டம் ஏறுகிறது என்றால் சமவெளித் தோப்பின் பறவை மலைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு செய்திகளும் எதிரெதிரானவை. "பொன்முதுகு மரங்கொத்தி, 1" என்று பதிவிட்டால் இரண்டில் எதுவும் கிடைக்காது.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பெரிய பொன்முதுகை, இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ளவற்றிலிருந்து பிரித்து, மலபார் பொன்முதுகு என்ற தனி இனமாகச் சில உலகப் பட்டியல்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. முன்பு பிலிப்பைன்ஸ் வரை பரவிய ஒரே இனம் என்று கருதப்பட்டது இப்போது பல இனங்களாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் பிரிப்பின்படி பார்த்தால் நம் மலைத்தொடர்ப் பறவைக்கு உலகில் வேறு ஊர் இல்லை. இன்று அது அழியும் பட்டியலில் இல்லை. நல்ல காடு இருக்கும் இடத்தில் பார்க்க முடிகிறது. அப்படி இருக்கும்போதே எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று சரியாகக் குறித்து வைப்பதுதான் நல்லது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஆயிரக்கணக்கான பட்டியல்கள் சேர்கின்றன. அவற்றில் மீசையையும் பிடரியையும் பார்த்து எழுதிய ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஈபேர்டு தளத்தில் "ஏதோ ஒரு பொன்முதுகு" என்று எழுதவும் வழி இருக்கிறது. அது நேர்மையான பதிவு.

நண்பருக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: முதுகை விட்டுவிடுங்கள், முகம் வரும்வரை காத்திருங்கள். மரங்கொத்தி அடிமரத்திலிருந்து மேலே ஏறும் பழக்கமுள்ளது. ஒரு பக்கம் மறைந்தால் சற்று உயரத்தில் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். நாம் அசையாமல் நின்றால் போதும், அதுவே சுற்றி வரும். ஒரு மரம் முடிந்ததும் அடுத்த மரத்தின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு மறுபடி தொடங்கும். அப்படி இடம் மாறும்போது இறக்கை விரியும், பிட்டம் சிவப்பா கருப்பா என்று ஒரு கணம் தெரிந்துவிடும்.

பதினோரு நாள் கழித்து இன்னொரு படம் வந்தது. அதே தோட்டம், சோலை ஓரத்தில் உச்சி முறிந்த ஒரு பட்டமரம். பக்கவாட்டில் திரும்பிய முகம். கருங்கொண்டை முழுக்க வெள்ளை வெள்ளையாகத் துளிகள். நீள அலகு, வெளிறிய கண். கால் நகங்கள்கூடத் தெரிந்தன. விரலை எண்ணினேன், நான்கு. படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்தது: "அண்ணா, கன்னத்துல தீவு இருக்குதுங்க. இது நம்ம தோப்புது இல்லை."